ஆரப்பாளையம் வீட்டுக்குள் ஓர் ஐந்தடி வைகை!

"தேனி, கம்பம், போடி... தேனி ஏறு, தேனி ஏறு!"

விடிகாலை ஐந்தரை மணிக்கு ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் இறங்கினால், காதில் விழும் முதல் குரல் இதுதான். தேனி, திண்டுக்கல், பழனி, கொடைக்கானல், கோவை, ஈரோடு, சேலம் என மேற்கேயும் வடக்கேயும் போகிறவர்களுக்கு மதுரையின் வாசல் ஆரப்பாளையம். பாதிப் பேர் இந்த ஊரைப் பார்ப்பதே இல்லை. பஸ் மாறும் இடைவெளியில் ஒரு டீ, ஒரு வடை. அவ்வளவுதான்.

நானும் பல முறை அப்படித்தான் போயிருக்கிறேன். இந்த முறை கோவையிலிருந்து இரவுப் பேருந்தில் வந்து இறங்கியது, ஒரு மீனைப் பார்க்க.

மீனின் பெயர் பாண்டி. வயது ஒன்பது. முகவரி, புட்டுத்தோப்புக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கும் என் சித்தப்பா வீடு.

புட்டுத்தோப்புப் பக்கம் ஒரு வீடு

பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். இட்லிக் கடைகளில் ஆவி பறக்க ஆரம்பித்திருந்தது. தண்ணீர் பிடிக்கும் குடங்கள் தெருக்குழாய்ப் பக்கத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. புட்டுத்தோப்பு என்ற பெயரைக் கேட்டாலே மதுரைக்காரர்களுக்குக் கதை ஞாபகத்துக்கு வந்துவிடும். வைகையில் வெள்ளம் வந்து, கரையை அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும் என்று பாண்டிய மன்னன் உத்தரவு போட்டதும், ஆள் இல்லாத வந்திக் கிழவிக்காக, உதிர்ந்த புட்டைக் கூலியாக வாங்கிக்கொண்டு சிவபெருமானே மண் சுமக்க வந்ததுமான திருவிளையாடல். ஆண்டுதோறும் ஆவணி மூலத் திருவிழாவில் மீனாட்சியும் சொக்கநாதரும் இங்கே எழுந்தருள்கிறார்கள். அன்றைக்கு இந்தத் தெருக்களில் கால் வைக்க இடம் இருக்காது.

சித்தப்பா அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். கதவைத் திறந்ததும் "வாப்பா, பஸ்ஸு லேட்டா?" என்றார். ஹாலில் சுவரோரமாக நின்றது அந்தக் கண்ணாடித் தொட்டி. ஐந்தடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். தண்ணீர் அரிசி களைந்த கழனி போலக் கலங்கியிருந்தது. அதற்குள் ஒரே ஒரு மீன். கறுப்பு உடம்பில் செங்கல் நிறத் திட்டுகள், கிட்டத்தட்ட ஓர் அடி நீளம். அமேசான் ஆற்றுப்படுகையைச் சொந்த ஊராகக் கொண்ட ஆஸ்கர் வகை.

சித்தி உயிரோடு இருந்தபோது, விரல் நீளத்தில் வாங்கி வந்த குஞ்சு அது. "மீனாட்சி ஊர்ல மீனு வளக்குறோம், பாண்டியன் கொடியில மீனு. வேற என்ன பேரு வைக்க?" என்று பெயர் வைத்ததும் சித்திதான். கையில் வைத்துக் கொடுத்தால்தான் தின்னும். சித்தி போய் மூன்று வருடங்களாகின்றன. பாண்டி இப்போது சித்தப்பா கையில் தின்கிறது.

வாங்கிக் கொடுத்ததும் நான்... கழுவச் சொன்னதும் நான்!

இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். சென்ற வருடம் வரை இந்தத் தொட்டியில் நான்கு மீன்கள் இருந்தன.

தண்ணீர் கலங்குகிறது என்று சித்தப்பா சொன்னதும், சென்னையில் உட்கார்ந்துகொண்டு ஆன்லைனில் ஒரு கேனிஸ்டர் ஃபில்டர் வாங்கி அனுப்பியவன் நான். எந்தக் கணக்கும் பார்க்கவில்லை. நட்சத்திரக் குறிகளை மட்டும் பார்த்தேன். கேனிஸ்டர் ஃபில்டர் என்றால் தொட்டிக்கு வெளியே, கீழே அலமாரியில் உட்காரும் மூடிய வாளி. ஒரு குழாய் வழியாகத் தொட்டித் தண்ணீர் இறங்கும். உள்ளே அடுக்கியிருக்கும் பஞ்சு, செராமிக் வளையங்கள் வழியாகச் சுற்றி, மோட்டார் தள்ள, இன்னொரு குழாய் வழியாக மேலே ஏறும். ஜெர்மனியின் ஈஹைம் போன்ற நிறுவனங்கள் 1960-களிலேயே பழக்கப்படுத்திவிட்ட சாதனம்தான்.

சில மாதங்கள் கண்ணாடி மாதிரி இருந்தது தண்ணீர். பிறகு வேகம் குறைந்தது. "திறந்து நல்லா கழுவி வைங்க சித்தப்பா" என்று போனில் சொன்னேன். அவரும் மாநகராட்சிக் குழாயைத் திறந்துவிட்டு, பஞ்சு, வளையம் எல்லாவற்றையும் பளபளவெனக் கழுவி மாட்டினார். இரண்டாம் நாள் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. காலை 9 மணிக்குப் போன மின்சாரம் மாலை 5 மணிக்கு வந்தது. ஃபில்டர் தானாக ஓட ஆரம்பித்தது. முதலில் குழாயிலிருந்து வந்தது பழுப்புத் தண்ணீர். அழுகின முட்டை நாற்றம்.

மறுநாள் காலை மூன்று மீன்கள் மிதந்தன. பாண்டி மட்டும் அடியில் சாய்ந்து கிடந்து, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. பாதித் தண்ணீரை மாற்றி, இரவெல்லாம் காற்று மோட்டார் வைத்து அதைக் காப்பாற்றினார். அன்றிலிருந்து அந்த ஃபில்டர் பரண் மேல். ஒரு சின்ன ஸ்பாஞ்ச் ஃபில்டர் மட்டும் தொட்டியில் குமிழி விட்டுக்கொண்டிருந்தது.

"மெஷின் மேல தப்பு இல்லப்பா. மெஷினுக்குள்ள என்ன இருக்குண்டு நமக்குத் தெரியல. அதான் தப்பு" என்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

உள்ளே குடியிருப்பவர்கள்

நகருக்குள் இருக்கும் ஒரு வண்ண மீன் கடைக்குப் போனோம். சுவர் முழுக்கத் தொட்டிகள், நீல விளக்குகள், ஆக்சிஜன் அடைத்த பிளாஸ்டிக் பைகளில் அன்று வந்திறங்கிய குஞ்சுகள். தமிழ்நாட்டில் வண்ண மீன் என்றால் சென்னை கொளத்தூர்தான் பெரிய சந்தை. இவருக்கும் அங்கிருந்துதான் சரக்கு.

நடந்ததைக் கேட்ட கடைக்காரர் முதலில் ஒரு கேள்விதான் கேட்டார். "குழாய்த் தண்ணியில கழுவுனீகளா?"

மீன் மூச்சுவிடும் செவுள் வழியாகவே அமோனியா வெளியேறுகிறது. மிஞ்சிய தீனியும் கழிவும் அழுகி மேலும் அமோனியா தரும். அது மீனுக்கு விஷம். ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். இதன் வீரியம் மிகக் குறைவு; வாராவாரம் கொஞ்சம் தண்ணீரை மாற்றினால் போய்விடும். மண்ணிலும் நீரிலும் இந்த வேலையைச் செய்யும் நுண்ணுயிரிகளை 1890-களை ஒட்டி ஆராய்ந்து சொன்னவர், ரஷ்ய விஞ்ஞானி செர்கேய் வினோகிராட்ஸ்கி. ஃபில்டருக்குள் இருக்கும் செராமிக் வளையத்தின் பொடித் துளைகள் எல்லாம் இவற்றுக்கான வீடு. தூசியைப் பிடிப்பது ஃபில்டரின் பாதி வேலைதான். இந்தக் குடித்தனத்தைக் காப்பது மீதிப் பாதி.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கிறது. வைகை அணையிலிருந்து வரும் தண்ணீரில் நம் வயிற்றைக் கெடுக்கும் கிருமிகளைக் கொல்லத்தான் அதைக் கலக்கிறார்கள். அது நல்ல கிருமி, கெட்ட கிருமி என்று ஆள் பார்க்காது. சித்தப்பா கழுவிய அன்று பாதிக் குடித்தனம் காலி. மின்தடை நாளில் மூடிய வாளிக்குள் தண்ணீர் ஓடாமல் நின்றபோது, மிச்சமிருந்தவை ஆக்சிஜன் இல்லாமல் செத்தன. அவை இருந்த இடத்தில் ஆக்சிஜன் தேவைப்படாத வேறு கிருமிகள் கிளம்பின. அந்த நாற்றம் அவற்றின் வேலை. மாலையில் மின்சாரம் வந்ததும், எட்டு மணி நேரம் ஊறிய அந்தத் தண்ணீர் மொத்தமும் மீன்களின் மேல் கொட்டியது.

சித்தப்பா ஒன்றும் பேசவில்லை. கடையை விட்டு வெளியே வந்து ஒரு டீ சொன்னார்.

டேப்பை எடு!

இந்த முறை நட்சத்திரக் குறி கிடையாது. டேப்பும் பென்சிலும்தான்.

ஐந்து, இரண்டு, இரண்டு. பெருக்கினால் 20 கன அடி. ஒரு கன அடிக்கு ஏறத்தாழ 28.3 லிட்டர் என்றால் 566 லிட்டர். விளிம்பு வரை நிரப்புவதில்லை, மணலும் கல்லும் இடம் பிடிக்கும். ஆக, 500 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். தண்ணீர் மட்டுமே அரை டன் எடை. கண்ணாடியும் ஸ்டாண்டும் தனி. மாடி வீட்டுக்காரர்கள் இவ்வளவு பெரிய தொட்டியை ஹால் நடுவில் வைக்காமல், பீம் ஓடும் சுவரோரமாக, கட்டட விவரம் தெரிந்தவரைக் கேட்டுவிட்டு வைப்பது நல்லது. சித்தப்பா வீடு தரைத்தளம் என்பதால் பிரச்னை இல்லை.

தொட்டித் தண்ணீர் மொத்தமும் ஒரு மணி நேரத்தில் நான்கிலிருந்து ஆறு முறை ஃபில்டருக்குள் சுற்றிவர வேண்டும் என்பது மீன் வளர்ப்பவர்களின் பொதுக்கணக்கு. அதாவது மணிக்கு 2,000 முதல் 3,000 லிட்டர். நான் அனுப்பிய பழைய ஃபில்டரின் பெட்டியில் இருந்த எண் 1,000.

பெட்டியில் போட்டிருக்கும் எண்ணையும் அப்படியே நம்ப முடியாது. அது பெரும்பாலும் உள்ளே எதுவும் அடுக்காமல் காலி வாளியாக ஓட்டிப் பார்த்த வேகம். பஞ்சும் வளையமும் போட்டு, குழாய் நீளமாகி, நாலு இடத்தில் வளைந்து, கொஞ்சம் அழுக்கும் சேர்ந்தால் வேகம் இறங்கிவிடும். மூன்றில் இரண்டு பங்கு வந்தாலே நல்லது.

"பெருசா ஒண்ணு வாங்குறதா, நடுத்தரமா ரெண்டு வாங்குறதா?" இது சித்தப்பாவின் கேள்வி. பதிலும் அவரே சொன்னார். "லாரிக்குப் பின்னாடி ஏன் ரெட்டைச் சக்கரம் போடுறாக? ஒண்ணு போனாலும் ஒண்ணு தாங்கும்." இரண்டு இருந்தால் இன்னொரு வசதியும் உண்டு. இந்த மாதம் ஒன்றைக் கழுவினால், அடுத்த மாதம் மற்றதைக் கழுவலாம். குடித்தனம் மொத்தமும் ஒரே நாளில் கலையாது.

மணிக்கு 1,400 லிட்டர் என்று போட்டிருந்த இரண்டு ஃபில்டர்களை வாங்கினோம். விலை சில ஆயிரத்தில் ஆரம்பித்துப் பல பத்தாயிரம் வரை போகிறது. நாங்கள் பார்த்தது மூன்று விஷயங்கள்: ரப்பர் வாஷரும் மோட்டார் விசிறியும் தனியாக உதிரியாகக் கிடைக்குமா, இரண்டு குழாயிலும் அடைப்பு வால்வு இருக்கிறதா, எத்தனை வாட் மின்சாரம் எடுக்கும்? எங்களுடையது ஒவ்வொன்றும் 25 வாட். வீட்டில் ஓடும் சாதாரண சீலிங் ஃபேன் 70 வாட்டுக்கு மேல் எடுக்கும்.

"ஏர் லாக்குப்பா!"

மதியச் சாப்பாடு முடிந்ததும் வேலை ஆரம்பம். பணிமனை நாட்களின் பழைய காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டார் சித்தப்பா.

முதலில் அடுக்கு. தண்ணீர் முதலில் தொடும் தட்டில் முரட்டு ஸ்பாஞ்ச். பெரிய குப்பை அங்கேயே நின்றுவிடும். அடுத்த தட்டுகளில் செராமிக் வளையங்கள். கடைசியில் மெல்லிய வெள்ளைப் பஞ்சு. பல மாடல்களில் தண்ணீர் அடியிலிருந்து மேலே ஏறும், சிலவற்றில் வழி வேறு. எனவே கையேட்டில் அம்புக்குறியைப் பார்த்துவிட்டு அடுக்க வேண்டும்.

அடுத்து ரப்பர் வளையம். அதில் ஒரு மணல் துகள் இருந்தாலும் கசியும். துடைத்து, சிலிக்கான் கிரீஸ் தடவி உட்காரவைத்தார். தண்ணீர் உறிஞ்சும் குழாயைத் தொட்டியின் அடிமட்டம் வரை விடவில்லை. நாலு விரற்கடை மேலே நிறுத்தினார். கீழே எங்காவது குழாய் கழன்றாலும் அந்தக் குழாய் வாய் மட்டம் வரைதான் தண்ணீர் வடியும். பாண்டிக்கு ஒதுங்க இடம் மிஞ்சும்.

வாளியில் முன்கூட்டியே தண்ணீர் நிரப்பி மூடி, வால்வுகளைத் திறந்தோம். தண்ணீர் கடகடவென இறங்கியது. பிளக்கை மாட்டினேன். 'கரகர' என்று ஒரே சத்தம், மேலே சொட்டுக்கூட வரவில்லை. எனக்கு வயிறு கலங்கியது. சித்தப்பா சிரித்தார். "ஏர் லாக்குப்பா! டீசல் லைன்ல காத்து ஏறுனா வண்டி எடுக்குமா? அதே கததான்." பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வாளியை இரண்டு பக்கமும் மெதுவாகச் சாய்த்து ஆட்டினார். பெரிய குமிழிகள் குழாய் வழியே மேலே போயின. மறுபடி மாட்டியதும் சத்தம் அடங்கி, தொட்டிக்குள் தண்ணீர் பாய்ந்தது.

வெளியேற்றும் குழாயின் வாய் தண்ணீர் மட்டத்தைக் கலக்கும்படி வைத்தோம். காரணம் மதுரை வெயில். 20 டிகிரி தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் அளவு ஆக்சிஜன் கரையும் என்றால், 30 டிகிரியில் ஏழரைதான். மேல்மட்டம் அலையடித்தால் காற்று கலக்கும். மின்கம்பியைப் பிளக்குக்குக் கீழே தொங்கி மேலேறும்படி வளைத்துவிட்டோம். கம்பி வழியாகத் தண்ணீர் வழிந்தாலும் தரையில்தான் சொட்டும், பிளக்குக்குள் போகாது. வாளிகளுக்கு அடியில் ஒரு பழைய செய்தித்தாள். கசிந்தால் காட்டிக்கொடுத்துவிடும்.

கடைசியாக, ஸ்டூல் மேல் வாளியை வைத்து, குழாய் வாயைத் தொட்டி விளிம்பு உயரத்திலேயே பிடித்து அளந்தோம். 10 லிட்டர் வாளி 38 விநாடியில் நிரம்பியது. மணிக்கு ஏறத்தாழ 950 லிட்டர். இரண்டும் சேர்ந்து 1,900. நான்கு சுற்றுக்குக் கொஞ்சம் கம்மி. ஒரே ஒரு மீனுக்கு இது தாராளம்.

பழைய ஸ்பாஞ்ச் ஃபில்டரை எடுக்கவில்லை. புது ஃபில்டரில் குடித்தனம் ஏற நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதுவரை பழையதும் ஓட வேண்டும். அதிலிருந்து ஒரு துண்டை வெட்டிப் புது வாளிக்குள் போட்டார். உறை மோர் ஊற்றுகிற மாதிரிதான்.

ஆற்றங்கரை வரை

சாயங்காலம் வைகைக் கரைக்கு நடந்தோம். அந்தப் பக்கம் செல்லூர். பேச்சியம்மன் படித்துறைப் பக்கம் ஆற்றில் பசேலென்று ஆகாயத்தாமரை. ஓடிய தண்ணீர் சொற்பம். அதிலும் சாக்கடைதான் பாதி. சித்திரையில் அழகர் இறங்கும் ஆறு இது. அந்த நாளுக்கென்று அணையில் தண்ணீர் திறந்துவிடுவார்கள். மற்ற நாட்களில் இதன் கரையோரத்தில் நின்று ஆறு எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது.

ஆறுக்கும் ஃபில்டர் உண்டு. மணல்தான் அதன் பஞ்சு, கூழாங்கல்தான் அதன் செராமிக் வளையம். ஓட்டம்தான் மோட்டார். மூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, தண்ணீர் ஏன் நாறுகிறது என்று கேட்கிறோம்.

"மீனு வேணாம்ண்டு சில பேரு இங்கிட்டுக் கொண்டாந்து விட்டுட்டுப் போறாக" என்றார் சித்தப்பா. அதைச் செய்யவே கூடாது. தொட்டிக் கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று வாங்குகிற சக்கர் மீன் தென்னமெரிக்காவைச் சேர்ந்தது. இப்படி விடப்பட்டுத் தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பெருகி, நம் கெண்டைக்கும் விராலுக்கும் இடையூறாகிவிட்டது. வளர்க்க முடியாவிட்டால் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

அலமாரிக் கதவில் ஒரு தாள்

கிளம்பும் முன் தொட்டி அலமாரிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். பணிமனை ரிஜிஸ்டர் எழுதிய அதே கையெழுத்து:

1. பேப்பரில் 'நாளை மின்தடை' பார்க்கவும். முதல் நாள் இரவே தீனி நிறுத்தவும்.
2. இன்வெர்ட்டரில் ரெண்டு ஃபில்டரும் காற்று மோட்டாரும் மட்டும். ஃபேன் எனக்கு வேண்டாம்.
3. இன்வெர்ட்டரும் போனால், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஃபில்டர் நின்றால்: வால்வை மூடு, மூடியைத் திற, பஞ்சு, வளையத்தை எடுத்துத் தொட்டித் தண்ணீர் பிடித்த டப்பில் போடு. பேட்டரி காற்று மோட்டார் வை.
4. மின்சாரம் வந்ததும் வாளியில் நின்ற தண்ணீரைக் கீழே கொட்டு. தொட்டிக்குள் விடாதே.
5. கழுவுவது தொட்டித் தண்ணீரில் மட்டும். மாதம் ஒரு ஃபில்டர்.
6. வாரம் கால்வாசித் தண்ணீர் மாற்று. குழாய்த் தண்ணீர் என்றால் ஒரு நாள் டிரம்மில் காற்றோட்டமாக வைத்திருந்து, ஆன்டி குளோரின் விட்டு. பழைய தண்ணீர் மல்லிச் செடிக்கு.

நம் வீட்டில் யாருக்கும் தெரியும் என்று எதையும் விட்டுவிடக் கூடாது என்பதற்காக எழுதினாராம். "நான் ஊருக்குப் போயிட்டா, பக்கத்து வீட்டுப் புள்ளைக்குத் தெரியணும்ல?"

இரண்டாவது வரியைத் திரும்பப் படித்தேன். மதுரை வெயிலில் ஃபேன் இல்லாமல் எட்டு மணி நேரம். "பேட்டரி தாங்கும் சித்தப்பா, உங்க ஃபேனும் ஓடும். ரெண்டு ஃபில்டரும் சேர்ந்தே ஒரு ஃபேன் அளவு கிடையாது" என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். பென்சிலால் அந்த வரியை அடித்தார். அரைமனதாகத்தான்.

ஆறு வாரம் கழித்து, சென்னையில் டெஸ்க்கில் இருந்தபோது வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. தொட்டி துல்லியமாக இருந்தது. பின்னால் இருக்கும் சுவர்க் காலண்டரில் தேதி தெரிந்தது. அதில் சிவப்பு வட்டம். அன்றைக்கு மின்தடை.

என்னால் வேலையில் கவனம் வைக்க முடியவில்லை. பன்னிரண்டு மணிக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. மூன்று மணிக்கும் எடுக்கவில்லை. ஐந்தே காலுக்கு ஒரு குரல் பதிவு வந்தது. பின்னணியில் தண்ணீர் பாயும் சத்தம்.

"கரன்ட்டு வந்துருச்சுப்பா. போனதே பாண்டிக்குத் தெரியல. நான்தான் தூங்கிட்டேன், ஃபேன் ஓடுச்சுல்ல..."